சோலைராஜ் ஓட்டி வந்த பட்டாளத்து வண்டி

சோலைராஜ் எனக்கு மகன் முறை, நான் அவனுக்குச் சித்தி. என் பெரியம்மா மகள் வெயிலம்மாளுக்குப் பிள்ளைகள் இரண்டே பேர்தான். மூத்தவள் முத்துமாரியம்மாள், இளையவன் இவன். மிளகாய்ப் பழம் பறிக்கப் போன புஞ்சையில் பாம்பு கடித்து வெயிலம்மாள் போனபோது இவன் பால்குடி மறந்தும் மறவாத பிள்ளை. அப்புறம் அக்காள் இடுப்புதான் அவனுக்கு வீடு. அவள் களை எடுக்கப் போனாலும் இவனைச் சேலையில் கட்டித் தூக்கிக்கொண்டு போவாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது யாருக்கும் பெரிதாகப் படாது.

முத்துமாரியை விளாத்திகுளத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் சிவனாண்டிக்குக் கட்டிக் கொடுத்தோம். மருமகன் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். லீவில் வந்தால் ஊர் முழுக்கக் கூடிவிடும். ஒரு தடவை கோவில்பட்டி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிளை இறக்கினார். வெள்ளைக்காரன் காலத்துச் சண்டைக்காகச் செய்த பி.எஸ்.ஏ. வண்டி. பட்டாளத்தில் இனி ஆகாது என்று ஏலம் விட்டபோது எடுத்தாராம். பச்சை நிறம். முன்பக்கம் ஸ்பிரிங் வெளியே தெரியும், ஆளுயர எருமை மாதிரி நிற்கும். அவர் பெல்ட் கட்டி அதில் ஏறி வந்தால் தெரு நாய்கள் குலைக்காது, ஓடிவிடும். மகள் ஐஸ்வர்யாவைப் பெட்ரோல் டேங்கின் மேல் உட்கார வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போவார்.

பட்டாளத்தை விட்டு வந்த மறு வருடமே மஞ்சள்காமாலையில் போய்விட்டார். வண்டி ஆட்டுத் தொழுவத்தில் நின்றது. சீட்டுத் தோலை வெள்ளாடு தின்றது. குட்டிகள் டேங்கில் ஏறிக் குதித்து விளையாடின. புகைக்குழலில் குளவி கூடு வைத்தது.

சோலைராஜ் அப்போது கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கும் வேலையில் இருந்தான். எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மனைவி சந்தனமாரி வீட்டில் இருந்தபடியே சட்டத்தில் குச்சி அடுக்குவாள். பிள்ளை இல்லை. ஐஸ்வர்யாதான் இரண்டு பேருக்கும் பிள்ளை.

தொண்ணூற்றேழில் என்று நினைவு. மாசி மாதம் அம்மன் கோயில் கொடையன்று நானும் முத்துமாரி வீட்டில் இருந்தேன். அவள் தம்பியைத் தொழுவத்துக்குக் கூட்டிப் போய் வண்டியைக் காட்டினாள்.

“தம்பி, பாப்பா இன்னைக்கோ நாளைக்கோ பெரியவளாயிருவா. சடங்கு வைக்கணும். அவ அப்பா இல்ல. அவிய வண்டியாவது வரணும்டா. நீ தாய்மாமன், சீரத் தூக்கிட்டு வரும்போது இதுல ஏறி வா.”

“யக்கா, எனக்கு சைக்கிள விட்டா வேற ஒண்ணும் ஓட்டத் தெரியாதே.”

“நீ நடக்கதுக்கே என் வெரலத்தான் புடிச்ச. பழகு.”

எங்கள் வகையில் தாய்மாமன் என்றால் சும்மா இல்லை. பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் முதல் சேதி அவனுக்குத்தான் போக வேண்டும். அவன் அன்று பொழுது சாய்வதற்குள் பச்சை ஓலை வெட்டி வந்து முற்றத்தில் குச்சில் கட்டுவான். பிள்ளை அந்தக் குடிசையில்தான் சடங்குவரை இருப்பாள். குச்சில் கட்டின கைதான் சடங்கன்று மாலை போடும். அந்தக் கைதான் கல்யாணத்தன்று மேடைக்கு அழைத்துப் போகும். சோலைராஜுக்குக் காடு கரை கிடையாது, சங்கத்தில் பதவி கிடையாது. ஊரில் நாலு பேர் முன்னால் அவன் நிமிர்ந்து நிற்க இருந்த இடம் அது ஒன்றுதான்.

வண்டியைக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோக லாரி வேண்டியிருந்தது. சௌந்தரபாண்டியனின் கரி லாரியில் ஏற்றினார்கள். சௌந்தரபாண்டியன் யார் என்றால், வெயிலம்மாள் புருஷனுடைய அண்ணன் மகன். அப்படிப் பார்த்தால் முத்துமாரிக்கு அவனும் அண்ணன் முறை, ஐஸ்வர்யாவுக்கு அவனும் மாமன் முறை. வேலிக்கருவையை வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி மேலே வந்தவன். ரயில்வே லைன் பக்கம் கரி மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கி வைத்திருந்தான். லாரியில் வண்டியைப் பார்த்ததும், “ஏலே, இத எடைக்குப் போட்டாலும் கடைக்காரன் யோசிப்பாம்ல” என்று சிரித்தான்.

மெக்கானிக் விஜயராஜ் தன் ஷெட்டில் ஒரு மூலையைக் கொடுத்தார். வேலையைச் சோலைராஜே செய்ய வேண்டும், அவர் சொல்லித் தருவார் என்று ஏற்பாடு. ஆபீஸ் விட்டதும் நேரே ஷெட்டுக்குப் போவான். இன்ஜின் இறுகிப்போய்க் கிடந்தது. பிளக் துவாரம் வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊற்றி ஊற வைத்தார்கள். ஊறியது, ஊறியது, வெங்காய அறுப்பு முடியும்வரை ஊறியது. ஒருநாள் கிக்கர் கொஞ்சம் இறங்கியதும் இவன் ஷெட்டிலிருந்து வீட்டுக்கு ஓடியே வந்து சந்தனமாரியிடம் சொன்னான்.

“அசைஞ்சிட்டுட்டீ!”

“பூமியா?” என்றாள் அவள், குச்சிச் சட்டத்திலிருந்து தலை நிமிராமல்.

அந்த வண்டியின் நட்டுக்கு இந்தக் காலத்து ஸ்பேனர் சேராது. வழுக்கும், முனை மழுங்கும். விஜயராஜ் யோசித்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய ஆயில் இன்ஜின் வைத்திருக்கிற சம்சாரிகளிடம் கேட்கச் சொன்னார். அந்த இன்ஜினுக்கும் இதற்கும் ஒரே இஞ்ச் கணக்காம். சோலைராஜ் புஞ்சை புஞ்சையாகப் போய் ஸ்பேனர் இரவல் வாங்கினான். கொடுத்தவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்க வந்துவிடுவார்கள். தங்கள் ஸ்பேனர் எந்த நட்டைக் கழற்றியது என்று கேட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

பெயிண்டுக்குப் பட்ட பாடு தனி. கடையில் பச்சை என்று கேட்டால் கிளிப்பச்சை கொடுத்தார்கள். இவன் அதில் மஞ்சளைக் கலந்தான், கறுப்பைக் கலந்தான், துருவுக்கு அடியில் மிச்சம் இருந்த பழைய நிறத்தோடு வைத்து வைத்துப் பார்த்தான்.

“நல்லா வந்திருக்கு. ஈரச் சாணி இந்தக் கலர்தான் இருக்கும்” என்றாள் சந்தனமாரி. “பொண்டாட்டிய ஒரு நா இப்படித் தொடச்சிருப்பீயளா? கண்ணுல தூசி விழுந்தாக்கூட தூரமா நின்னு ஊதுதீய.”

“நீ துருப் பிடிக்க மாட்டட்டீ.”

ஓட்டப் பழகினது வேறு கதை. அந்த வண்டியில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். கைப்பிடியில் தீப்பொறியை முந்த விட, பிந்த விட ஒரு சின்ன நெம்புகோல். அதைப் பின்னுக்குத் தள்ளாமல் உதைத்தால் கிக்கர் திருப்பி உதைக்கும். முதல் நாளே மறந்துவிட்டான். ஆளைத் தூக்கிக் கருவேலஞ் செடியில் எறிந்தது. கெண்டைக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கி, நொண்டிக்கொண்டே ஆபீஸ் போனான். “மிலிட்டரியில சேர்ந்துட்டியாமே, எந்தச் சண்டையில குண்டடி பட்ட?” என்று பெண்கள் கேட்டார்களாம்.

“ஒண்ணும் தெரியாத ஆளுக்குத்தான் இது சுளுவா வரும்” என்றார் விஜயராஜ். “புது வண்டி ஓட்டிப் பழகுன காலு இதுல ஏறுனா, பிரேக்குன்னு நெனச்சு கியர மிதிக்கும்.”

அவர் சொன்னது சரிதான். அறுத்து முடித்த சோளப் புஞ்சையில் விழுந்து எழுந்து பழகினான். பொலபொலத்த மண்ணானதால் எலும்பு தப்பித்தது. பழகின பிறகு அக்காள் ஊருக்கு ஓட்டிக்கொண்டு போனான். வழியில் ஒரு கோடை மழை. கரிசல் நனைந்தால் தெரியுமே, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுற்ற விடாது. நாலு இடத்தில் இறங்கிக் குச்சியால் குத்திக் குத்தி எடுத்துவிட்டு, தலைமுதல் கால்வரை சகதியாகப் போய் நின்றான். சத்தம் கேட்டு முத்துமாரி வெளியே ஓடி வந்தாள். டேங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதாள். ஐஸ்வர்யா பின்னால் ஏறி உட்கார்ந்து, “மாமா, நான் எறங்க மாட்டேன்” என்றாள். அவளை வைத்துக்கொண்டே ஊரை ஒரு சுற்று வந்தான். அவன் வாழ்நாளில் அந்த ஒரு சுற்றைத்தான் முழுச் சந்தோஷம் என்று சொல்ல முடியும்.

திரும்பிப் புறப்படும்போது வண்டி தீப்பொறி தரவில்லை. தீப்பொறியை உண்டாக்குகிற மேக்னெட்டில் சுற்றின கம்பி கருகிவிட்டது. அதைக் கழற்றித் தூத்துக்குடியில் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்தான். வண்டி அக்காள் வீட்டிலேயே நின்றது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் முத்துமாரி தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். கையில் அப்பின தீப்பெட்டி மருந்தோடு இவன் ஓடி வந்தான்.

“தூத்துக்குடிக் கடையில அந்தச் சாமான் ஆயிட்டாம்டா. டீக்கடைப் போனுக்குச் சொன்னாவளாம். கடைய அடைச்சிட்டு ஊருக்குப் போறாவளாம், இன்னைக்கே வந்து வாங்கிக்கிடணுமாம்.”

“இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீய?”

“பின்ன? ஒடனே கெளம்பு.”

லீவு சொல்லிவிட்டு அப்படியே பஸ் ஏறினான். கடைக்காரர் இவனைப் பார்த்து முழித்தார். வேலையே ஆகவில்லை, நான் யாருக்கும் போன் பண்ணவும் இல்லை என்றார். தெரியாத ஆள் யாரோ மாற்றிச் சொல்லியிருப்பார் என்று இவன் நினைத்துக்கொண்டான். வந்ததற்கு முடித்தே வாங்கிக்கொண்டு போவோம் என்று அங்கேயே தங்கிவிட்டான். அக்காள் மேல் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்?

மறுநாள் மேக்னெட்டோடு திரும்பும்போது புதியம்புத்தூரில் இறங்கி ஐஸ்வர்யாவுக்கு ஒரு கவுன் வாங்கினான். நெஞ்சில் வாத்து பொம்மை தைத்த கவுன். அதை எடுத்துக்கொண்டு அக்காள் வீட்டு முற்றத்தில் கால் வைத்தால், அங்கே பச்சை ஓலைக் குச்சில் நிற்கிறது. சுற்றி உறவுப் பெண்கள். நானும் சேதி கேட்டுப் போயிருந்தேன்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்றாள் ஒருத்தி. “பாப்பா ஆளாயிட்டா. மாமங்காரன் வண்டிச் சாமானத் தேடித் தேசாந்திரம் போயிட்டான். பொழுது சாயுதேன்னு சௌந்தரபாண்டியன் வந்து ஓலை வெட்டிக் கட்டிட்டாரு.”

கையில் இருந்த கவுனைப் பார்த்ததும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் அதைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். முத்துமாரி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

அவன் மேல்தான் தப்பு என்று ஊர் பேசியது. அவனும் அப்படித்தான் நம்பினான். “வண்டிக் கிறுக்குல பிள்ளையக் கோட்ட விட்டுட்டேன் சித்தி” என்று என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தான். அப்படியும் மேக்னெட்டை மாட்டினான். வண்டியை ஓடவும் வைத்தான். குச்சில்தான் போயிற்று, சீராவது வண்டியில் வரும் என்று ஒரு நினைப்பு.

முத்துமாரியும் அவள் ஓரகத்தி ராதாமணியும் வெற்றிலைத் தட்டோடு கோவில்பட்டிக்கு அழைக்க வந்தார்கள். சந்தனமாரி பாய் விரித்தாள். தட்டை வாங்கக் கையை நீட்டினவனிடம் முத்துமாரி சொன்னாள்.

“சௌந்தரம் அண்ணன் அந்த வண்டியில வரணும்னு ஆசப்படுதாவ. வீடியோக்காரனுக்கெல்லாம் சொல்லியாச்சு. நீ அவியளுக்குக் கொஞ்சம் ஓட்டப் பழக்கிக் குடுடா.”

சந்தனமாரி சொம்பைத் தரையில் வைத்த சத்தத்தில் ராதாமணி திடுக்கிட்டுவிட்டாள். சோலைராஜ், “சரிக்கா” என்றான்.

பழக்கவும் செய்தான். சௌந்தரபாண்டியனுக்கு நல்ல புது வண்டி ஓட்டி அனுபவம். அதுவே வினை. பிரேக் பிடிக்க வலது காலை மிதிப்பான், கியர் மாறி வண்டி துள்ளும். வேட்டி செயினில் சிக்கி, அண்ட்ராயரோடு ஓடைக்குள் நின்றான்.

“என்னலே வண்டி இது! பொண்டாட்டி மாதிரி எல்லாத்தயும் நேர்மாறாச் செய்யுது.”

“மொள்ளப் பழகிரும் அண்ணே.”

“எனக்கு வேண்டாம்பா. நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்து வாரேன். வீடியோவுல எம் மூஞ்சி தெரிஞ்சாப் போதும்.”

இப்படியாக, மாமனாக வர வேண்டியவன் மாமனுக்கு டிரைவர் ஆனான்.

சடங்குக்கு முந்தின நாள் வண்டியைத் துடைக்க வந்தவன், குச்சில் பக்கமாக நிழலில் நிறுத்தியிருந்தான். ஓலைக்குள்ளிருந்து ஐஸ்வர்யா பேசினாள்.

“மாமா, எம்மேல கோவமா?”

“எதுக்கு மக்கா?”

“பின்ன ஏன் குச்சில் கட்ட வரல? அன்னைக்கு வெள்ளனயே மாமாகிட்டச் சொல்லிட்டு வாரேன்னுதான அம்மா மொத பஸ் ஏறுனாவ. நான் நீங்க வருவீயன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். சௌந்தரம் மாமா வந்தாவ.”

அப்போதுதான் கணக்குப் புரிந்தது என்று அவன் பிறகு சொன்னான். அன்று காலை அக்காள் ஆபீஸ் வாசலுக்கு வந்தபோதே பிள்ளை ஆளாகியிருக்கிறாள். அதைச் சொல்லாமல்தான் அவனைத் தூத்துக்குடிக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஐஸ்வர்யாவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. “வேல மக்கா, வர முடியாமப் போச்சு” என்று சொல்லிவிட்டு, கொல்லைப்புறம் போனான். நான் அங்கே பூசணி நறுக்கிக்கொண்டிருந்தேன். முத்துமாரி குழம்புக்குப் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“யக்கா. அன்னைக்கு எங்கிட்ட எதச் சொல்ல வந்தீய?”

அவள் பருப்புச் சட்டியைக் கீழே வைத்தாள். “சொல்லத்தான் வந்தேன்” என்றாள். “பஸ்ஸ விட்டு எறங்குனதும் வழியில அண்ணன் கிட்டங்கி. அவிய நிப்பாட்டி, நகையும் போட்டு, பந்தலும் போட்டு, நாளைக்குக் கல்யாணச் செலவும் நான் பாக்கேன், மாமன் எடத்த எனக்குக் குடுன்னாவ. ஒன்னால என்னத்தடா போட முடியும்? அப்பன் இல்லாத பிள்ள.”

“ஒண்ணும் போட முடியாதுதான். அத எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே அண்ணன் கையில ஓலைய வெட்டிக் குடுத்திருப்பேனேக்கா. என்னைய ஏன் தொரத்துனீய?”

“நீ இருந்தா எனக்கு மனசு வராதேன்னுதாண்டா.”

அவள் அழுதாள். அவன் அழவில்லை. “அந்தக் கடைக்காரன் முன்னால போயி, போன் பண்ணீயளேன்னு சண்டை போட்டேன்” என்றான். வண்டியைத் துடைக்கத் திரும்பிப் போனான்.

மறுநாள் வருவானோ மாட்டானோ என்று எனக்குப் பயம். வந்தான். பிள்ளை அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறாள் என்று சந்தனமாரியிடம் சொன்னானாம். ஒரே உதையில் வண்டி பிடித்தது. பின்னால் சௌந்தரபாண்டியன் மாலையும் துண்டுமாக உட்கார்ந்தான். மேளம் முன்னால், சீர்த்தட்டுப் பெண்கள் பின்னால். நடக்கிற வேகத்துக்கு அந்த வண்டியை நிற்காமல் ஓட்டுவது லேசு இல்லை. இவன் குலுங்காமல் கொண்டுவந்தான். வீடியோக்காரன் இவனிடம், “அண்ணாச்சி, கொஞ்சம் தலையச் சாய்ங்க, பின்னால அவியள மறைக்குதீய” என்றான். சாய்த்தான்.

பந்தல் வாசலில் ராதாமணி சௌந்தரபாண்டியனுக்கு ஆலத்தி சுற்றிப் பொட்டு வைத்தாள். அதே கையோடு சோலைராஜ் நெற்றிக்கும் விரலைக் கொண்டுபோனாள். அவன் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

“எனக்கு எதுக்கு தங்கச்சி? நான் வண்டி ஓட்ட வந்தவன்.”

சந்தனமாரி வாங்கி வைத்திருந்த பாவாடை தாவணியை மற்றத் தட்டுகளோடு ஒரு தட்டாக வைத்தாள். சோலைராஜ் வண்டியைத் தொழுவத்துப் பக்கம் நிறுத்திப் பெட்ரோலை அடைத்ததும், இரண்டு பேரும் சாப்பிடாமல் பஸ்ஸுக்கு நடந்தார்கள். பிறகு அவன் அந்த வண்டியைத் தொடவே இல்லை. சௌந்தரபாண்டியன் ஆளை விட்டுக் கிட்டங்கிக்குத் தள்ளிக்கொண்டு போனதாகக் கேள்வி.

சௌந்தரபாண்டியன் கல்யாணச் செலவு பார்ப்பதாகச் சொன்னது பேச்சோடு சரி. இரண்டாயிரத்து ஆறில் ஐஸ்வர்யாவுக்கு மாப்பிள்ளை அமைந்தபோது அவன் முத்துமாரியோடு பேச்சுவார்த்தையில் இல்லை. லாரி ஒன்று கவிழ்ந்து, தொழிலும் சரியில்லை. மாமன் இடம் காலியாகக் கிடந்தது. இந்தத் தடவை முத்துமாரி வேறு எந்த வீட்டுக்கும் போகாமல், முதல் வெற்றிலையை இவன் வீட்டுக்குத்தான் கொண்டுவந்தாள். சந்தனமாரி வாங்கி வைத்தாள். இவன் முகத்துக்கு நேரே மறுக்கிற ஆள் இல்லை, கோபமாகப் பேசவும் தெரியாது. “பிள்ள கல்யாணத்துக்கு வராம இருப்பேனா?” என்று மட்டும் சொன்னான்.

வந்தான். விளாத்திகுளத்தில் மண்டபம். முகூர்த்தத்துக்கு வெகு முன்னாலேயே வந்து, ஐஸ்வர்யாவை அறையில் பார்த்துத் தலையைத் தொட்டுவிட்டு, சந்தனமாரியோடு முதல் பந்தியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். இலையில் இட்லி விழுந்தது. அப்போதுதான் மைக் பேசியது.

“பெண்ணின் தாய்மாமன் திரு. சோலைராஜ் அவர்கள் எங்கிருந்தாலும் மணமேடைக்கு வரவும்.”

அவன் சாம்பாரை இட்லியில் பிசைந்தான். மைக் இரண்டாவது தடவையும் கூப்பிட்டது. பந்தியில் எல்லோரும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். முத்துமாரி சாப்பாட்டு அறை வாசலுக்கே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரவில்லை.

“ஏலே, ஒன்னயத்தாம்ல கூப்பிடுதாவ” என்றேன்.

“காதுல விழுது சித்தி.”

“பிள்ளை காத்திருக்கால்லா?”

“மேடைக்கு வரலன்னு பிள்ளகிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். அவளுக்குத் தெரியும்.”

எதிர்ப்பக்கம் வாளியோடு நின்ற பையனைக் கை காட்டிக் கூப்பிட்டான். “தம்பி, இங்கன கொஞ்சம் சட்னி வையி” என்றான். மேடையில் மேளம் தொடங்கிவிட்டது. சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இவன் இலையில் ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் தின்றான்.